சுரங்க நிலமும் களையும்

பயிர் வளரும் வயலில் களை முளைத்தால் உழவன் அதனை உடனே பறித்தெறிகின்றான். களையானது பயிருக்குரிய நீரையும் உரத்தையும் உண்டு விளைவைக் குறைத்துவிடும் என்பதை அவன் நன்கு அறிவான். ஆனால், பயிரே இல்லாத சுரங்க நிலத்தில் களை முளைப்பதால் என்ன கேடு விளையும்? தாதுவை வெட்டி எடுத்த பின்னர் அந்நிலத்தில் எது முளைத்தால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஆஸ்திரேலிய நாட்டிலுள்ள ரம் ஜங்கிள் என்னும் சுரங்கத்தின் வரலாறு விளக்குகின்றது.

ரம் ஜங்கிள், ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், டார்வின் நகருக்குத் தெற்கே பாச்சலர் என்னும் சிற்றூரை அடுத்து உள்ளது. குங்கரக்கான், வாராய் என்னும் பழங்குடி மக்களின் தாயகம் அது. 1949-ஆம் ஆண்டில் அங்கே யுரேனியம் கண்டுபிடிக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டில் சுரங்கம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. யுரேனியமும் செம்பும் அங்கிருந்து எடுக்கப்பட்டன. 1971-ஆம் ஆண்டில் வேலை நின்றது.

வேலை நின்றதே தவிரத் தொல்லை நிற்கவில்லை. தோண்டி எறியப்பட்ட பாறைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவற்றில் கந்தகம் கலந்த கனிமங்கள் இருந்தன. காற்றும் மழைநீரும் பட்டபோது அவை அமிலமாக மாறின. அவ்வமிலம் பாறையிலிருந்த செம்பு முதலிய உலோகங்களைக் கரைத்துக்கொண்டு பின்னிஸ் ஆற்றின் கிழக்குக் கிளையில் கலந்தது. அங்கே மீன்கள் மடிந்தன. கரையோரச் செடிகளும் பட்டுப்போயின. ஆகவே, 1982 முதல் 1986 வரை அக்குவியல்களைக் களிமண்ணாலும் வளமண்ணாலும் போர்த்தி, அதன்மேல் புல் விதைத்தனர். மண்போர்வை நீரையும் காற்றையும் தடுக்க, புல்லின் வேர் அம்மண்ணை மழை அரித்துச் செல்லாதவாறு காத்தது. எனவே, சுரங்கத்தின் நஞ்சை அடக்கி வைக்கும் காவலில் செடிகொடிகளுக்கும் பங்கு உண்டு என்பது தெளிவு.

இக்காவலைக் குலைக்க வல்ல பகைவன் காம்பா என்னும் புல். இதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. கால்நடைத் தீவனத்திற்காக 1930-களில் இது வட ஆட்புலத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மேய்ச்சல் நிலங்களில் மிகுதியாகப் பயிரிடப்பட்டு, வேலி கடந்து பரவியது. ரம் ஜங்கிளிலும் அது புகுந்தது. இப்புல் நான்கு மீட்டர் உயரம்வரை தூறு தூறாக வளரும். அந்நாட்டுப் புற்கள் ஒரு ஹெக்டேரில் இரண்டு முதல் நான்கு டன் எரிபொருளைத் தருமாயின், காம்பா புல் பத்து டன்னுக்கும் மேலாகத் தருகின்றது. வறட்சிக் காலத்தில் அது காய்ந்து தீப்பற்றினால் எழும் வெப்பம், நாட்டுப்புல் தீயைப்போல் எட்டு மடங்குவரை இருக்கக்கூடும். அத்தீயில் மரங்கள் மடிகின்றன. காம்பா தூறோ அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்க்கின்றது. நட்டு வளர்த்த இளமரங்கள் கருகி, மண் வெறுமையாகக் கிடக்கும்போது பெருமழை பெய்தால் போர்வை அரிக்கப்படும். பல ஆண்டு உழைப்பு ஒரே ஆண்டில் பாழாகும்.

தோண்டிய மண்ணில் போட்டியிடுவதற்கு வேறு செடிகள் இரா. ஆதலின் களை அங்கே எளிதில் வேரூன்றும். வண்டிச் சக்கரங்களிலும், மண்வெட்டும் பொறிகளிலும், வெளியிலிருந்து வரும் மண்ணிலும் அதன் விதை ஒட்டிக்கொண்டு வருகின்றது. ஆகையால் வண்டிகளையும் பொறிகளையும் கழுவிய பின்னரே உள்ளே விடுதல் வேண்டும். சிறு தூறுகளை வேரோடு தோண்டி எடுக்கலாம். பெரும்பரப்பாயின், மழைக்காலத்தில் புல் பசுமையாக இருக்கும்போதே, விதை முற்றுமுன் களைக்கொல்லி தெளித்தல் வேண்டும். தீ வைப்பதால் மட்டும் இப்புல்லை அழிக்க இயலாது. இதன் விதைகளுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குமேல் மண்ணில் உயிரோடு இருப்பதில்லை. விதை விழாமல் சில ஆண்டுகள் இடைவிடாது தடுத்தால் வெற்றி கிட்டும். ஓராண்டு அயர்ந்தாலோ மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

வட ஆட்புல அரசு 2001-ஆம் ஆண்டில் களை மேலாண்மைச் சட்டம் இயற்றியது. 2008-ஆம் ஆண்டில் காம்பா புல் அச்சட்டத்தின்கீழ்க் களையாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அரும்பொருளெனப் போற்றி விதைத்த புல்லே பின்னர்ச் சட்டத்தால் தடுக்கத்தக்க பகையாயிற்று. நிலத்தை உடையவரும் அதனை ஆள்பவரும் அங்குள்ள களையைக் கட்டுப்படுத்தக் கடமைப்பட்டவர் ஆவர்.

நிலத்திலிருந்து பொருளை எடுப்பது சில ஆண்டு வேலை. எடுத்த நிலத்தைக் காப்பது தலைமுறைகள் தொடரும் கடமை. ஆற்று நீரைப் பருகுவோரும் அதில் மீன் பிடிப்போரும் சுரங்கத்தின் ஊதியத்தில் பங்கு பெற்றவர் அல்லர். ஆயினும் அதன் கேட்டில் பங்கு பெறுகின்றனர். ஆதலால், களையை முளையிலேயே கிள்ளுதல் உழவனுக்கு மட்டுமன்றி, நிலத்தைத் தோண்டி வாழும் அனைவருக்கும் உரிய அறமாகும்.