75% அட்டெண்டன்ஸும் 50% ரத்தமும்

நம்ம காலேஜ்ல 75% அட்டெண்டன்ஸ் கட்டாயம். செமஸ்டர் கடைசியில உங்க கிளாஸ் லிஸ்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. 75, 76, 77-ல எத்தனை பேர் நிக்கறாங்க? "இதுக்குக் கீழ போகாதே"ன்னு போட்ட கோடு, "இதுவரைக்கும் போகலாம்"ங்கற கோடா மாறிடுது. ஆப்-ல கணக்குப் போட்டு பங்க் அடிக்கறோம்.

சைக்கிள் பந்தய உலகம் 1997-ல இதே மாதிரி ஒரு கோடு போட்டுச்சு, அட்டெண்டன்ஸுக்கு இல்ல, வீரர்களோட ரத்தத்துக்கு. அந்தக் கோடு ஏன் தோத்துது, அதுக்குப் பதிலா வந்தது ஏன் கொஞ்சம் நல்லா வேலை செய்யுதுன்னு இந்தக் கட்டுரையில பார்ப்போம். நம்ம படிக்கற குவாலிட்டி கன்ட்ரோலுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

ஸ்டேஜ் ரேஸ்னா என்ன?

ஒரே நாள்ல முடியாம, பல நாள் பல கட்டமா நடக்கற பந்தயம்தான் ஸ்டேஜ் ரேஸ். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கிட்டே வருவாங்க. மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர்தான் சாம்பியன். அதனால ஒரு ஸ்டேஜ்கூட முதல்ல வராம பந்தயத்தை ஜெயிக்க முடியும்.

இதுல பெரியது டூர் டி பிரான்ஸ். 21 ஸ்டேஜ், நடுவுல 2 நாள் ஓய்வு, மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். இத்தனை தூரம் ஓட்டியும் 1989-ல முதல் இரண்டு பேருக்கு நடுவுல இருந்த வித்தியாசம் வெறும் 8 நொடி. நம்ம நாட்டுலயும் இது ஆரம்பிச்சாச்சு. 2026 ஜனவரியில புனே கிராண்ட் டூர் நடந்தது. சர்வதேச சைக்கிள் சங்கத்தோட 2.2 தரத்துல 437 கிலோமீட்டர், ஒரு சின்ன முன்னோட்டச் சுற்றும் நாலு ஸ்டேஜும்.

மலையில பொய் சொல்ல முடியாது

எங்க ஊர் சந்தவாசல், வேலூர் - திருவண்ணாமலை ரோட்டுல இருக்கு. அங்கிருந்து போளூர் வரைக்கும் சைக்கிள்ல போறது பெரிய விஷயமில்ல. இந்த மாதிரி ரோட்டுல நமக்கு எதிரி காத்துதான். காத்துத் தடையைச் சமாளிக்கத் தேவையான பவர், வேகத்தோட மும்மடியா ஏறும். அதனாலதான் பந்தயத்துல எல்லாரும் கும்பலா ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் ஒளிஞ்சு போறாங்க. பின்னாடி வர்றவருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி வரைக்கும் மிச்சமாகும்.

ஆனா போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறிப் பாருங்க, கதையே மாறிடும். வேகம் குறைஞ்சதும் காத்து முக்கியமில்லாம போயிடும். இப்ப எதிரி புவியீர்ப்பு. முன்னாடி போறவர் முதுகு இங்க பெருசா உதவாது.

ஒரு கணக்கு. 65 கிலோ வீரர், 7 கிலோ சைக்கிள், 8% சரிவுள்ள ஏற்றம், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். நொடிக்கு 5.56 மீட்டர் போறார், அதுல செங்குத்தா ஏறுறது 0.443 மீட்டர். 72 × 9.81 × 0.443 = கிட்டத்தட்ட 313 வாட். டயர் உராய்வுக்கும் காத்துக்கும் இன்னொரு 50 வாட் சேர்த்தா சுமார் 365 வாட். அதாவது உடல் எடையில கிலோவுக்கு 5.6 வாட். பயிற்சி இல்லாத நம்மள மாதிரி ஆளு, ஒரு மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 2 வாட் தாக்குப்பிடிச்சாலே கை தட்டணும்.

இந்த எண்ணை வெறும் 5% ஏத்த முடிஞ்சா? 40 நிமிஷ ஏற்றத்துல ஒன்றரை நிமிஷத்துக்கு மேல கிடைச்சிடும். 8 நொடியில முடிவாகற பந்தயத்துல ஒன்றரை நிமிஷம்! ஊக்கமருந்து உள்ள நுழைஞ்ச வாசல் இதுதான்.

50 என்ற கோடு

உடம்பு நீண்ட நேரம் எவ்வளவு பவர் தரும்ங்கறது தசைக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகுதுங்கறதைப் பொறுத்தது. அதைச் சுமக்கறது ரத்தச் சிவப்பணுக்கள். அதை உற்பத்தி பண்ணச் சொல்லி சிறுநீரகம் அனுப்பற ஹார்மோன்தான் இ.பி.ஓ. ரத்தசோகை நோயாளிகளுக்காக அதை மருந்தா தயாரிச்சாங்க. 90-கள்ல அது சைக்கிள் வீரர்கள் கைக்கும் வந்துடுச்சு.

பிரச்சினை என்னன்னா, அப்ப இ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கற சோதனையே இல்ல. அது 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்லதான் வந்தது. அதனால சங்கம் 1997-ல ஒரு குறுக்கு வழி எடுத்தது. ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்குக்கு ஹெமட்டோக்ரிட்னு பேர். ஆண்களுக்கு அது சாதாரணமா 40-லிருந்து 50% வரைக்கும் இருக்கும். 50-ஐத் தாண்டினா உடல்நலம் கருதி 15 நாள் பந்தயத்துக்கு லீவு. மருந்து எடுத்தார்னு குற்றச்சாட்டுகூடக் கிடையாது.

அப்புறம் என்ன, நம்ம 75% கதைதான். இயற்கையா 42 இருக்கறவருக்கு 49 வரைக்கும் இடம் காலி. மாட்டிக்கற மாதிரி இருந்தா சலைன் ஏத்தி ரத்தத்தை நீர்க்க வைக்கலாம். இயற்கையாவே 48 இருக்கறவருக்குத்தான் லாபம் கம்மி. நேர்மையா 42-ல ஓட்டினவர் பின்தங்கிப் போனார். யாரையும் காப்பாத்தணும்னு போட்ட கோடு, ஏமாத்தறவங்களுக்கு அளவுகோலா ஆயிடுச்சு.

1999 ஜூன் 5-ம் தேதி இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி, நாட்டோட பெரிய பந்தயத்துல முன்னிலையில இருந்தப்ப, அவரோட எண் 52-னு வந்து வெளியேத்தப்பட்டார். அது அபூர்வம். பெரிய மோசடிகள் வெளிய வந்த வழி வேற. 1998-ல பெஸ்டினா அணியோட உதவியாளர் வில்லி வோட் காரை எல்லையில நிறுத்தி மருந்துக் குவியலைப் பிடிச்சது லேப் இல்ல, சுங்க அதிகாரிகள். 1999 முதல் 2005 வரை டூரை ஏழு தடவை ஜெயிச்ச லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் எடுத்த எந்தச் சோதனையும் அவருக்குத் தடை வாங்கித் தரல. 2012-ல அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 26 பேரோட வாக்குமூலத்தோட அறிக்கை போட்டது. அதுல 11 பேர் அவரோட பழைய அணித் தோழர்கள். ஏழு பட்டமும் போச்சு. 2013 ஜனவரியில டிவியில ஒத்துக்கிட்டார்.

தறிக்காரர் கணக்கு

இதுக்கு மாற்று என்ன? எங்க ஆரணிப் பக்கம் பட்டுத் தறி இருக்கற வீடுகள்ல ஒரு பழக்கம் உண்டு. முதலாளி பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாத்தையும் எடை போட்டுக் கொடுப்பார். புடவை திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவார். அது ஒரு கோடு. ஆனா அதைவிட முக்கியமான கணக்கு அவர் மனசுல இருக்கும். இந்த நெசவாளர் வழக்கமா எத்தனை நாள்ல புடவை கொண்டு வருவார், அவர் கைநெருக்கம் எப்படி இருக்கும்னு. பத்து நாள் எடுக்கறவர் திடீர்னு நாலே நாள்ல வந்து நின்னா, எடை சரியா இருந்தாலும் கேள்வி வரும். பவர்லூம்ல ஓட்டினதோன்னு. பக்கத்து வீட்டுக்காரர் நாலு நாள்ல நெய்வார்ங்கறது இங்க பதிலே இல்ல. இவரை அளக்கறது இவரோட பழைய கணக்கை வச்சுத்தான்.

2008-ல சைக்கிள் சங்கம் கொண்டு வந்த பயாலஜிக்கல் பாஸ்போர்ட் இதேதான். வருஷம் முழுக்கத் திடீர் திடீர்னு ரத்தம் எடுத்து, ஒவ்வொரு வீரருக்கும் தனி சார்ட் போடுவாங்க. நம்ம கன்ட்ரோல் சார்ட் மாதிரி மேல ஒரு எல்லை, கீழ ஒரு எல்லை. முதல் சாம்பிள்ல எல்லை அகலமா இருக்கும். சாம்பிள் கூடக்கூட அவருக்கே உரிய அளவுக்குச் சுருங்கும். பேயஸ் தியரம் எங்கயா யூஸ் ஆகுதுன்னு கேட்டீங்கன்னா, இங்கதான்.

அதுல ஒரு எண்: ஹீமோகுளோபின் (லிட்டருக்கு கிராம்) கழித்தல் 60 × √இளம் சிவப்பணு சதவீதம். ஒருத்தருக்கு 150-ம் 1%-ம் இருந்தா விடை 90. மருந்து எடுத்து நிறுத்தினதும் ரத்தம் கெட்டியா இருக்கும், ஆனா "போதும்"னு உடம்பு சொந்த உற்பத்தியைக் குறைச்சிடும். அப்ப 165-ம் 0.36%-ம்னு வந்தா விடை 129. மருந்து உடம்புல இல்லாம இருக்கலாம், அது விட்டுட்டுப் போன தடம் இருக்கும்.

ஸ்டேஜ் ரேஸ்ல இன்னொரு துப்பும் உண்டு. தினமும் ஓட்ட ஓட்ட ரத்தத்துல திரவம் கூடி, ஹீமோகுளோபின் வழக்கமா இறங்கும். மூணாவது வாரத்துலயும் இறங்காம நின்னா, நிபுணர்கள் நிமிர்ந்து உக்காருவாங்க. யாரோட சார்ட்னு அவங்களுக்குத் தெரியாது. இதுலயும் ஓட்டை உண்டு. ரொம்பச் சின்ன அளவா எடுத்து எல்லைக்குள்ளயே இருக்கறவங்க இருக்காங்க. ஆனா 42-லிருந்து 49-க்கு ஜாலியா தாவற காலம் முடிஞ்சுது.

நமக்கு என்ன?

ஐரோப்பாக் கதைன்னு நினைச்சா தப்பு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போட 2024 கணக்குல, இந்தியாவுல எடுத்த 7,113 மாதிரிகள்ல 260 சிக்கியிருக்கு, 3.6%. நிறைய சோதனை பண்ற நாடுகள்ல இதுதான் அதிக விகிதம். திருச்சிப் பக்கத்துல இருந்து போய் 2019 தோகா ஆசிய தடகளத்துல 800 மீட்டர் தங்கம் வாங்கின கோமதி மாரிமுத்துவுக்காக நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். நாண்ட்ரலோன் சோதனையில சிக்கி தங்கம் போச்சு, 4 வருஷத் தடை. தடைசெய்யப்பட்ட எதையும் எடுக்கலைன்னு அவர் மறுத்தார். ஆனா விதி ஒண்ணுதான்: உடம்புல என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல படிக்கற, வேலைக்கு முயற்சி பண்ற நம்ம நண்பர்களுக்கு இது நேரடியா பொருந்தும். ஜிம்ல யாரோ கொடுத்த பேர் தெரியாத பவுடர், காய்ச்சலுக்குக் கடையில வாங்கின மாத்திரை, ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான். இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையோட "நோ யுவர் மெடிசின்" ஆப் இலவசம், மருந்து பேரைப் போட்டுப் பாருங்க.

அப்புறம் ஒண்ணு. டைரி போடுங்க. பயிற்சி நேரம், ஓடின தூரம், காலை நாடித்துடிப்பு. அடுத்தவன் நேரத்தைத் துரத்தினா குறுக்கு வழிதான் கண்ணுக்குத் தெரியும். போன மாசத்து உங்க எண்ணோட போட்டி போட்டா, ஏறுற ஒவ்வொரு நொடியும் உங்களுடையதுதான்.