அரை ஸ்பூன் சர்க்கரையின் அழுத்தம்



"ஆண்டு மலருக்கு சைடர் பற்றியா கட்டுரை? அது மது ஆச்சே!" என்று மலர்க் குழு நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே சைடர் தயாரிக்கலாம். அதற்கான கிட் கடையில் கிடைக்கும். செய்து பாருங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நாம் தனித்தனி பேப்பராகப் படித்துத் தனித்தனியாக மறந்துவிடும் நொதித்தல், ஒப்படர்த்தி, ஹென்றி விதி, எஸ்.ஓ.எம். நான்கும் இந்த ஒரே பாட்டிலுக்குள் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். இதில் கணக்கு தப்பினால் மார்க் போகாது, கண் போகும்.

கிட்டில் என்ன இருக்கிறது?

ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்தால் சைடர். பேரிக்காய்ச் சாறு என்றால் அதற்குப் பெயர் பெர்ரி. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஹியர்ஃபோர்ட்ஷயரும் சாமர்செட்டும் சைடருக்குப் பேர் போனவை. புகழ்பெற்ற பல்மர்ஸ் நிறுவனம் 1887-ல் ஹியர்ஃபோர்டில்தான் தொடங்கப்பட்டது.

வீட்டுக் கிட்டில் பழத்தை அரைத்துப் பிழியும் வேலை இல்லை. பாகு போல் சுண்டிய ஆப்பிள் சாறு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், இன்னொரு பொட்டலம் இனிப்பு, சிலவற்றில் ஸ்ட்ராபெர்ரி போன்ற பழச் சுவை. கிருமி நீக்கிய வாளியில் பாகைக் கொட்டி, தண்ணீர் சேர்த்து 40 பைன்ட் (சுமார் 23 லிட்டர்) ஆக்கி, ஈஸ்ட் தூவி, 20 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். சில கிட்களுக்குச் சர்க்கரையும் சேர்க்க வேண்டியிருக்கும். மூடியில் ஏர்லாக் என்ற சிறு நீர்ப்பூட்டு. உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

இனி ஈஸ்ட்டின் வேலை. 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் எத்தில் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. பாருங்கள், எடையில் ஏறக்குறைய பாதி வாயு! வாளியில் இருக்கும்வரை இந்த வாயு ஏர்லாக் வழியாக "பிளப், பிளப்" என்று போய்விடும். ஓரிரு வாரத்தில் இனிப்பு தீர்ந்து, நுரை இல்லாத தட்டையான பானம் மிஞ்சும். இதற்கு எப்படி நுரை ஏற்றுவது?

இரண்டு வழி

முதல் வழி நம்ம கோலி சோடா வழி. சிலிண்டரிலிருந்து வாயுவை அழுத்தி ஏற்றுவது. எவ்வளவு ஏற்றினோமோ அவ்வளவுதான். மூடிய பிறகு பாட்டிலுக்குள் வாயு புதிதாகப் பிறக்காது.

இரண்டாவது வழி வீட்டு சைடர் வழி. பாட்டிலில் சிறிது சர்க்கரை போட்டு இறுக்கி மூடிவிடுவது. மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கும். வெளியேற வழி இல்லாததால் வாயு பானத்திலேயே கரையும். இங்கே வாயு ஏற்றும் கம்ப்ரஸர் பாட்டிலுக்குள்ளேயே உயிரோடு இருக்கிறது! அதை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றே ஒன்றுதான்: சர்க்கரை தீர்வது.

எவ்வளவு சர்க்கரை?

ஒரு லிட்டர் பானத்தில் ஒரு லிட்டர் கரியமில வாயு (0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்தில் அளந்தது) கரைந்திருந்தால் அதை 1 வால்யூம் என்பார்கள். எடையில் 44 ÷ 22.4 = 1.96 கிராம். நல்ல நுரைக்கு 2.5 வால்யூம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் நொதித்த சைடரில் ஏற்கெனவே சுமார் 0.85 வால்யூம் கரைந்திருக்கும். மீதி 1.65 வால்யூம், அதாவது லிட்டருக்கு 3.2 கிராம் வாயு. ஒரு கிராம் சர்க்கரை சுமார் 0.51 கிராம் வாயு தரும். எனவே லிட்டருக்கு 6.3 கிராம் சர்க்கரை போதும். அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம் சொச்சம். டீஸ்பூன் ஒன்றுகூட நிறையாது.

இனி அழுத்தம். மாறாத வெப்பநிலையில், கரையும் வாயுவின் அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்பது 1803-ல் வந்த ஹென்றி விதி. 20 டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.88 வால்யூம் கரியமில வாயு தண்ணீரில் கரையும். 2.5-ஐ 0.88-ஆல் வகுத்தால் 2.84 வளிமண்டலம். வெளி அழுத்தத்தைக் கழித்தால் கேஜ் அழுத்தம் சுமார் 1.9 பார். பரவாயில்லை, சோடா பாட்டில் தாங்கும்.

அதே பாட்டிலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால்? 40 டிகிரியில் கரைதிறன் சுமார் 0.53 ஆகக் குறையும். கேஜ் அழுத்தம் மூன்றரை பாரைத் தாண்டிவிடும். ஒரு கிராம் சர்க்கரைகூடச் சேர்க்காமலே அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பு!

குமிழ் நின்றால் போதுமா?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மேலே போட்ட கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: பாட்டிலில் ஊற்றும்போது பழைய இனிப்பு முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். ஏர்லாக்கில் குமிழ் நின்றுவிட்டது, வேலை முடிந்தது என்று பலர் நினைப்பார்கள். ஆனால் குளிர் அதிகமானால் ஈஸ்ட் சோர்ந்து தூங்கிவிடும், குமிழ் நிற்கும். வாளி மூடி சரியாகப் பொருந்தாமல் வேறு வழியே வாயு கசிந்தாலும் குமிழ் நிற்கும். ஆகவே குமிழை நம்பக் கூடாது.

நம்பத்தக்க சாட்சி நம்ம லேபில் தூசி படிந்து கிடக்கும் ஹைட்ரோமீட்டர்தான். தொடக்கத்தில் ஒப்படர்த்தி 1.045 போல இருக்கும். முழுதும் நொதித்த பின் 1.000 அல்லது அதற்கும் கீழே இறங்கும். இறங்கி, அடுத்த இரண்டு மூன்று நாளும் அதே அளவு நிற்க வேண்டும். அளக்கும்போது ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் குமிழ்கள் அதை மேலே தூக்கி, அளவை அதிகமாகக் காட்டும்.

1.010-லேயே ஒருவர் பாட்டிலில் அடைத்துவிட்டார் என்று வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் 10 புள்ளி இறங்க வேண்டும் என்றால் லிட்டருக்கு 20 கிராமாவது இனிப்பு பாக்கி இருக்கிறது. அதிலிருந்து சுமார் 5 வால்யூம். ஏற்கெனவே உள்ளது 0.85. நுரைக்காகப் போட்ட சர்க்கரையிலிருந்து 1.65. மொத்தம் 7.5 வால்யூம்! 20 டிகிரியிலேயே கேஜ் அழுத்தம் 7 பாருக்கு மேல். தடித்த கண்ணாடியில் அடைக்கும் ஷாம்பெய்னிலேயே சுமார் 6 பார்தான்.

எஸ்.ஓ.எம். வகுப்பில் படித்த மெல்லிய உருளைச் சூத்திரத்தை இங்கே போடுங்கள். வளையத் தகைவு = அழுத்தம் × விட்டம் ÷ (2 × தடிமன்). விட்டமும் தடிமனும் மாறாதபோது அழுத்தம் நாலு மடங்கானால் தகைவும் நாலு மடங்கு. எஃகு என்றால் முதலில் நெகிழ்ந்து எச்சரிக்கும். கண்ணாடி நெகிழாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலில் தகைவு குவிந்து, சொல்லாமல் கொள்ளாமல் சிதறும்.

வரலாறு சொல்வது

பாட்டிலில் சர்க்கரை போடும் வித்தை புதிதல்ல. 1615-ல் இங்கிலாந்தில் கண்ணாடி உலைகளுக்கு விறகு தடை செய்யப்பட்டது. நிலக்கரி உலைக்கு மாறியதும் கிடைத்தது உறுதியான கண்ணாடி. ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பது பற்றி 1662-ல் கிறிஸ்டோஃபர் மெரட் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். ஜான் ஈவ்லின் 1664-ல் வெளியிட்ட 'பொமோனா' நூலில் சைடர் பற்றிய கட்டுரைகள் உள்ளன. அதாவது, பாட்டில் வலுத்த பிறகே நுரை வந்தது.

பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாட்டில் வெடிப்பது சகஜம். நிலவறையில் இறங்கும் தொழிலாளர்கள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்தார்கள். 1830-களில் ஜான்-பாப்டிஸ்ட் ஃபிரான்ஸுவா என்ற மருந்தாளுநர், ஒயினில் ஏற்கெனவே உள்ள சர்க்கரையை அளந்து, அதற்கு ஏற்பச் சேர்க்க வேண்டியதைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் வெடிப்பு வெகுவாகக் குறைந்தது. இருப்பதை அளந்துவிட்டுச் சேர்ப்பதைக் கணக்கிடு: அவ்வளவுதான் விஷயம்.

இனிப்பும் வேண்டும், நுரையும் வேண்டும் என்றால்?

இது எனக்கும் எழுந்த சந்தேகம். உயிருள்ள ஈஸ்ட்டும் சர்க்கரையும் ஒரே பாட்டிலில் சமாதானமாக இருக்காது. கிட்டில் தனியாக இனிப்புப் பொட்டலம் வருவது இதற்காகத்தான். அதில் இருப்பது சுக்ரலோஸ் போன்ற, ஈஸ்ட் தின்ன முடியாத இனிப்பு. நாக்குக்கு இனிக்கும், வாயு ஆகாது. தொழிற்சாலைகளில் ஈஸ்ட்டை வடிகட்டியோ சூடாக்கியோ ஒழித்துவிட்டு, கோலி சோடா வழியில் வாயு ஏற்றலாம்.

வீட்டில் செய்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் கண்ணாடியில் அடைத்தாலும் ஒன்றை மட்டும் சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் அடைப்பார்கள். அதைக் கையால் அமுக்கிப் பார்த்தால் அழுத்தம் ஏறுவது தெரியும். காசில்லாத பிரஷர் கேஜ்!

நமக்கு என்ன?

சைடர் நம்ம ஊருக்கு வராவிட்டாலும் ஈஸ்ட் எப்போதோ வந்துவிட்டது. சுண்ணாம்பு குறைந்த பதநீரைப் பாட்டிலில் இறுக்கி மூடி வெயில் பஸ்ஸில் கொண்டுபோனால், மூடி உப்பி நிற்பதும் இதே வேதியியல்தான். நாளை நம்மில் பலர் பாய்லர் பக்கமும் ரியாக்டர் பக்கமும் வேலைக்கு நிற்கப்போகிறோம். சத்தம் நின்றது, குமிழ் நின்றது என்று யாராவது சொன்னால், "ரீடிங் எவ்வளவு? நேற்று எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக நின்ற பிறகு மூடியில் கை வையுங்கள்.