கட்டை அவிழ்க்குமுன் உள்ளே பாருங்கள்



தானா ராத்தாவில் வளர்ந்த எனக்குத் தேயிலையைப் பற்றி ஓர் உண்மை தெரியும். கொழுந்து வாடி, அரைபட்டுக் காய்ந்துவிட்டால், எவ்வளவு நீர் ஊற்றினாலும் மீண்டும் பச்சை இலையாகாது. கணினியில் சுருக்கிய கோப்பு அப்படியன்று. ஓர் எழுத்தும் குறையாமல் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆனால், கவனமின்றி அவிழ்த்தால் அருகிலுள்ள வேறு கோப்பு அழியக்கூடும்.

லினக்ஸில் நாம் காணும் பெரும்பாலான கட்டுகள் இருவர் செய்த வேலை போன்றவை. 'டார்' பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுகிறது. காந்த நாடாவில் சேமிப்பதற்காக 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த கருவி இது. 1992இல் வந்த 'ஜிசிப்' அந்தக் கட்டைச் சுருக்குகிறது. 2018 முதல் விண்டோஸ் 10இலும் 'டார்' கட்டளை உண்டு.

முதற்படி, உள்ளே பார்ப்பது. 'டார்' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் 'டீ', 'எஃப்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் சேர்த்து, பின்னர் கட்டின் பெயரை எழுதுங்கள். ஆங்கிலத்தில் நம் தேநீர் தொடங்கும் எழுத்துதான் அந்த 'டீ'. எதுவும் அவிழாமல் பட்டியல் மட்டும் தோன்றும்.

இரண்டாம் படி, புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் அவிழ்ப்பது. 'டீ' இருந்த இடத்தில் 'எக்ஸ்' இடுங்கள். கட்டின் பெயருக்குப் பின் சிறுகோடும் பெரிய 'சி'யும் இட்டுக் கோப்புறையின் பெயரைத் தாருங்கள். இது ஏன் முக்கியம்? அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், 'டார்' நம்மைக் கேட்காமலேயே அதன்மேல் எழுதிவிடும். நேற்றுத் திருத்திய ஆய்வேடு போய், கட்டிலிருந்த பழைய படி வந்து உட்காரும். 'எக்ஸ்' உடன் 'கே' சேர்த்தால் இருப்பதை அது தொடாது. சிப் கோப்புகளுக்கான 'அன்சிப்' கட்டளையோ மேலெழுதுமுன் நம்மைக் கேட்கும்.

தமிழருக்கு மூன்றாம் படியும் உண்டு. 1990களின் இறுதியில் சேமித்த தமிழ்ப் பனுவல்கள் பல 'திஸ்கி' குறியீட்டில் உள்ளவை. இன்று அவிழ்த்தால் புரியாத குறிகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்! லினக்ஸின் 'ஐகான்வ்' கட்டளை அதை யூனிகோடுக்கு மாற்றித் தரும்.

கழகத்தின் பழைய இதழ்கள் குறுந்தட்டில் உங்கள் கைக்கு வந்தால், பாருங்கள், தனியே அவிழுங்கள், பிறகு மாற்றுங்கள். மூலக் கட்டை மட்டும் அழிக்காதீர்கள். அடுத்து வரும் மாணவருக்கு அதுவே மூலப்படி.