பிளாங்க் எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளைச் சுற்றி வாழும் பிள்ளைகளின் ரத்தத்தில் உள்ள ஈயம் பற்றிய உன் கட்டுரையைப் படித்து முடித்தேன். ஈயம் கால்சியம்போல வேடமிட்டு மூளைக்குள் நுழையும் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புள்ளியியலும் என்னைவிட உனக்கு நன்றாகவே வரும். எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். இத்தனை பக்கம் எழுதியவன் பிளாங்க் மதிப்பை ஓரிடத்திலும் தரவில்லையே! ரத்தம் சேர்க்காமல், அதே குழாயில் அதே அமிலத்தை மட்டும் ஓட்டியபோது கருவி என்ன காட்டியது? ‘தரமான முறைப்படி அளக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். யாருடைய தரம்?

கிழவன் பழைய பல்லவியைத் தொடங்கிவிட்டான் என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுக் கேள். 1956இல் ஈயத்தை அளந்து பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினாரே கிளேர் பேட்டர்சன், அவரை முதலில் அலைக்கழித்தது பாறையில் இருந்த ஈயமல்ல. காற்றிலும் தூசியிலும் பாத்திரத்திலும் இருந்த ஈயம். அதனால்தான் கால்டெக்கில் வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் ஆய்வுக்கூடத்தைக் கட்டினார். 1980இல் அவரும் டோரதி செட்டிலும் அங்கே சூரை மீனை அளந்தார்கள். பச்சை மீனில் இருப்பதாக அதுவரை சொல்லப்பட்டுவந்த ஈயம், உண்மையில் இருந்ததைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இதில் வம்பு என்ன தெரியுமா? பச்சை மீனிலேயே அவ்வளவு ஈயம் என்றால், ஈயப்பற்று வைத்து மூடிய மீன் டப்பாவின்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆய்வுக்கூடத்து அழுக்கு, டப்பாவின் குற்றத்தை மறைத்துவிட்டது.

என் வழிகாட்டிக்கு இந்தச் சந்தேகம் ஒரு நோயாகவே இருந்தது. முடிவுகளை நீட்டினால் தாளை வாங்கவே மாட்டார், “பிளாங்க் எவ்வளவு?” என்பார். குழாய்களை இரவெல்லாம் நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, கை மரத்துப்போகும்வரை அலசுவோம். சாலையோரக் கட்டடம், ஜன்னலில் உரியும் பெயின்ட், வெளியே ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஈயப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடும். காலையில் தாழ்ந்திருக்கும் பிளாங்க் மாலையில் ஏறிவிடும். ஜன்னலுக்குப் பாலித்தீன் ஒட்டினோம், வெயிலில் வெந்தோம். நாடு முழுவதும் அந்தப் பெட்ரோல் நின்றது 2000இல்தான். உங்கள் தலைமுறைக்குக் காற்று சுத்தமாகக் கிடைத்தது. கூடவே மெத்தனமும் வந்துவிட்டது.

இன்னொன்று. ‘10க்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பாதுகாப்பான நிலையில்’ என்று எழுதியிருக்கிறாய். எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய அளவாக 1971இல் வைத்தது டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம். 1985இல் அது 25 ஆனது, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஒவ்வொரு முறையும் நேற்றுவரை ‘பாதுகாப்பாக’ இருந்த பிள்ளைகள் இன்று பட்டியலில் சேர்ந்தார்கள். பிறகு மருந்து கொடுத்துச் சரிசெய்யலாம் என்ற ஆறுதலும் இல்லை. சக்சிமர் என்ற மருந்தை வைத்து நடந்த ஆய்வு 2001இல் காட்டியதுதானே: ரத்தத்தில் ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் மதிப்பெண் ஏறவில்லை. எல்லைக்கோடு 3.5க்கு வந்துவிட்ட காலத்தில், கழுவாத ஒரு குழாய் ஒரு பிள்ளையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். நான் ஏன் பிளாங்க், பிளாங்க் என்று அடித்துக்கொள்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

ஹெர்பர்ட் நீடில்மேனை மறந்துவிடாதே. விழுந்த பால்பற்களைச் சேகரித்து, ஈயத்தையும் பிள்ளைகளின் அறிவுத்திறனையும் இணைத்து 1979இல் எழுதினார். பத்தாண்டுக்கும் மேல் கழித்து அவர்மேல் மோசடிப் புகார் வந்தது; குற்றம் சாட்டியவர்கள் ஈயத் தொழில்துறையின் தரப்பில் சாட்சிகளாக அமர்த்தப்பட்ட விஞ்ஞானிகள். திறந்த விசாரணை நடத்துங்கள் என்று அவரே வற்புறுத்தினார். மோசடி இல்லை என்று தீர்ப்பானது. உன் பட்டறை முதலாளிகளும் ஒருநாள் வக்கீல் வைப்பார்கள். அவர் முதலில் கேட்கப்போவது என் வழிகாட்டி கேட்ட அதே கேள்வியைத்தான்.

உன் மூன்றாம் அட்டவணையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பாவம். அப்பா பட்டறையிலேயே குளித்து உடை மாற்றி வரும் வீடு, அழுக்குச் சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கும் வீடு என்று பிரித்தாயே! அபாரம். வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசியவனுக்கே தோன்றும் கேள்வி அது. அந்த ஓர் அட்டவணைக்காகவே இவ்வளவு நீளமாகத் திட்டுகிறேன்.

ஆய்வுக்கூடத்தை முதலில் சந்தேகப்படு, பட்டறையைப் பிறகு. எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, திருத்திய பிரதியை அனுப்பு. பிளாங்க் மதிப்பு முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்