சம்பளமா, ஃபீஸா? ரிட்டர்ன் போடும் முன் பாருங்கள்

பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் ஃப்ரீலான்ஸ். சம்பாதிப்பதில் காட்டும் சாமர்த்தியத்தை வருமான வரி ரிட்டர்னிலும் காட்டுங்கள். நீங்கள் எழுதும் தொகையும் துறையிடம் இருக்கும் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் ரீஃபண்ட் நிற்கும், நோட்டீஸ் வரும்.

1. முதலில் வருமான வரி போர்ட்டலில் வரிப்பிடித்தக் கணக்கான 26ஏஎஸ், வருடாந்திரத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் இரண்டையும் டவுன்லோடு செய்யுங்கள். தொகைக்கு முன்னால் பிரிவு எண்ணைப் பாருங்கள். 2025-26 வருமானம் வரை, 192 என்றால் சம்பளம். 194ஜே என்றால் நீங்கள் கன்சல்டன்ட். வேலையில் இருப்பதாக நம்பும் பலருக்கு விஷயம் தெரியவருவதே இங்கேதான்.

2. மாதம் 60,000 என்று பேசி, 6,000 பிடித்துக்கொண்டு 54,000 போடுகிறார்களா? பேஸ்லிப், பிஎஃப் எதுவும் இல்லையா? அநேகமாக அது 194ஜேதான். இதைச் சம்பளம் என்று ஐடிஆர்-1இல் போட்டு, 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனையும் கழித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஐடிஆர்-4க்குப் போங்கள். ஐடி, இன்ஜினீயரிங், சட்டம், மருத்துவம் போன்ற தொழில்களுக்கு 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. மொத்த வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு 7,20,000 என்றால் பாதி 3,60,000. 2025-26இல் புதிய வரிமுறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லை. வேறு வருமானம் இல்லாவிட்டால் பிடித்த 72,000 முழுசாகத் திரும்பி வரும்! ஆனால், வரவு என்ற இடத்தில் 7,20,000 என்றே எழுதுங்கள். பேங்கில் விழுந்த 6,48,000ஐ எழுதிவிட்டு, எங்கே இடிக்கிறது என்று பலர் தேடுகிறார்கள்.

 

3. சம்பளத்தோடு ஃப்ரீலான்ஸும் இருந்தால் ஐடிஆர்-1 கூடாது. வெளிநாட்டு கிளையன்ட் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கவில்லை, அதனால் காட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ஆகிவிட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. 44ஏடிஏகாரர்களுக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை.

4. வருஷ நடுவில் கம்பெனி மாறினால், பழைய சம்பள விவரத்தைப் புது ஹெச்ஆரிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கழிக்கும். குறையும் வரியை ரிட்டர்ன் நேரத்தில் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

5. ஏஐஎஸ்ஸில் தப்பான தொகை இருந்தால் அங்கேயே ஃபீட்பேக் கொடுங்கள். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு 26ஏஎஸ் கேட்கும் கம்பெனிகளும் இருக்கின்றன.

ஏற்கெனவே வருமானத்தை விட்டுவிட்டவர்கள் அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம். முதல் 12 மாதத்துக்குள் போட்டால், வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 சதவீதம் கூடுதல். நான்காம் ஆண்டில் அது 70 சதவீதம்.