தென் மாவட்டங்களுக்குப் பறக்கும் முன்...

கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்கள், டிக்கெட் போடும் முன் ஒரு நிமிடம் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சென்னை - மதுரை வான்வழியில் சுமார் 420 கி.மீ.; சாலையில் 460. தூத்துக்குடி வான்வழியில் சுமார் 530. சாலையில் 600-ஐத் தாண்டும்.

2. டிக்கெட்டில் உள்ள பயண நேரம் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகர்ந்து, ஓடுபாதைக்குக் காத்திருந்து, அந்த ஊரில் இறங்கி நிற்பது வரை எல்லாம் அதில் அடங்கும். இந்த ஊர்களுக்கு அதிகம் போய்வரும் ஏ.டி.ஆர். (இரண்டு பக்கமும் புரொப்பெல்லர் சுழலுமே, அதுதான்) மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஜெட் 800-க்கு மேல். ஆனாலும் மதுரை போன்ற குறைந்த தூரத்தில் ஜெட்டால் மிச்சமாவது கால் மணி நேரம் போலத்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

3. வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடுங்கள். லஸ்ஸிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றரை, விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால், பெட்டி வர அரை, மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக இன்னொரு அரை. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது! எழும்பூரில் தேஜஸ் ஏறினால் ஆறரை மணி நேரத்தில் மதுரை. நான்கு பேர் குடும்பமாகப் போவதென்றால் மதுரைக்கு ரயில்தான் என் சிபாரிசு. தூத்துக்குடி வேறு கதை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும்; அங்கே விமானம் கொடுத்த காசுக்குத் தகும். திருநெல்வேலி, திருச்செந்தூர்க்காரர்களுக்கும் வாகைக்குளத்தில் உள்ள இந்தத் தூத்துக்குடி விமான நிலையம்தான் பக்கம். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது.

4. லஸ், மந்தைவெளி, அடையாறு பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் சாலையை நம்ப முடியாது. மயிலாப்பூர்க்காரர்கள் ஆட்டோவில் நந்தனம் போய் மெட்ரோ பிடிக்கலாம். அடையாறுக்குச் சின்னமலை அல்லது கிண்டி. தி.நகர் என்றால் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்குங்கள். எதிரிலேயே விமான நிலையம். மெட்ரோ காலை ஐந்து மணி வாக்கில்தான் ஆரம்பிக்கும். விடியற்காலை விமானத்துக்கு முதல் நாளே டாக்சி சொல்லிவையுங்கள்.

5. அறுபத்துமூவர் சமயத்தில் மாட வீதிகளிலும், தீபாவளிக்கு முன் உஸ்மான் சாலையிலும் வண்டி நகராது. ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

6. மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்; கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

7. ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம். தரையிலிருந்து குறுகலான சில படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குப் பின்வரிசை இருக்கை கேட்டு வாங்கினால் உள்ளே அதிகம் நடக்க வேண்டாம். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

8. சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு முனையம் 1, முனையம் 4 என இரண்டு உண்டு. வண்டியில் ஏறும் முன் எது என்று டிக்கெட்டில் பாருங்கள்.