பாதி வாக்கியம்



சீனமொழியில் நான்கு எழுத்தாலான முதுமொழி ஒன்று உண்டு: "துவான் ஜாங் சூ யீ." பாட்டின் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, தனக்கு வேண்டிய பொருளை அதற்கு ஏற்றுவது என்பது அதன் கருத்து. பூர்வ சீனாவில் தூதுவர்கள் பழம்பாடல்களின் சில அடிகளை மட்டும் தங்கள் காரியத்துக்கேற்பப் பாடிக்காட்டுவார்கள். 'சுவோ ஜுவான்' என்னும் சரித்திர நூல், கி.மு. 545-ஆம் ஆண்டுச் செய்தியில் இதைக் குறிப்பிடுகிறது. அன்று வழக்கமாயிருந்தது பிற்காலத்தில் பழிச்சொல்லாயிற்று.

இத்தந்திரம் சீனருக்கு மட்டும் உரியதன்று. ஆண்டவரைச் சோதித்த பசாசும் வேதவாக்கியத்தையே எடுத்துக் காட்டிற்று. தேவாலய உச்சியிலிருந்து குதித்தால் சம்மனசுகள் தாங்குவார்கள் என்று சங்கீதத்தைச் சொல்லிற்று. அச்சங்கீதமோ சர்வேசுரனை நம்பி நடப்பவனுக்கு ஆறுதல். அவரைப் பரீட்சை பார்ப்பவனுக்கு அனுமதிச் சீட்டு அல்ல. ஆண்டவர் மற்றொரு வேதவாக்கியத்தைக் கொண்டே மறுமொழி சொன்னார்.

நம் ஜில்லாக் காரியம் ஒன்றைப் பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்று அது ஒப்புக்கொண்டது. ஆயினும் நிலத்தையும் நீரையும் கெடுக்க அத்தொழிலுக்கு உரிமையில்லை என்றும் சொல்லிற்று. முன்பாதியை மட்டும் பேசுகிறவன் பாலாற்றை மறக்கிறான்; பின்பாதியை மட்டும் பேசுகிறவன் கூலிக்காரனின் அடுப்பை மறக்கிறான். ஆலையில் கூலி வாங்குகிறவனும், கெட்டுப்போன கிணற்றில் நீர் இறைக்கிறவனும் ஒருவனே அல்லவா?

ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்று பெத்தானியாவில் ஆண்டவர் சொன்னதைக் காட்டி, "வறுமை தீராது, நாம் என்ன செய்வது?" என்று கையை மடக்குகிறவர்கள் உண்டு. அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் அதே வாக்கியம் தொடர்கிறது: விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்கிறார். பழைய ஏற்பாட்டில் உபாகமம் 15-ஆம் அதிகாரமும், ஏழைகள் இல்லாமற்போவதில்லை, ஆகையால் கையைத் திற என்றே கட்டளையிடுகிறது. "ஆகையால்" என்னும் சொல்லை விட்டுவிட்டால் கட்டளையே சாக்குப்போக்காகிவிடும்.

வேதாகமத்தை முழுமையின் ஒருமைப்பாட்டோடு வாசிக்கவேண்டுமென்று 2-ஆம் வத்திக்கான் சங்கமும் 1965-ல் போதித்தது. ஆகவே, ஒரு வாக்கியத்தைப் பிறருக்குச் சொல்லுமுன் அதன் மேலும் கீழும் உள்ளதை வாசியுங்கள். அயலார் பேச்சையும் அப்படியே நடத்துங்கள். மாமியார் சொன்னதில் பாதியை மகனிடம் கொண்டுபோனால், பொய் சொல்லாமலே பொய்ச்சாட்சி சொன்னவர்களாவோம். எட்டாம் கற்பனை அதையும் விலக்குகிறது.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

பங்குக்குரு